நிற்கத் தெரிந்த செல்

ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்திலிருந்து லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அனுப்பிய கட்டுரையை அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்விதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. மறுப்புக் கடிதம் எழுதியவர் பெய்டன் ரவுஸ். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸை 1911இலேயே கண்டு சொன்னவர், பிற்பாடு நோபல் பரிசும் வாங்கியவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் எழுதியதன் சாரம் இது: பெருகும் தன்மையுள்ள செல்லுக்குச் சரியான சூழல் அமைந்துவிட்டால் அது முடிவில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டுத் திசு வளர்ப்பு ஆராய்ச்சியில் கிடைத்த மிகப் பெரிய உண்மை அதுதான். செல்லுக்கே மூப்பு உண்டு என்கிற உங்கள் முடிவு ரொம்பவும் அவசரமானது. கட்டுரை பிறகு வேறோர் ஆய்விதழில் 1961இல் வந்தது. முதுமையின் உயிரியல் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது.

ரவுஸைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் நம்பிய அந்த உண்மைக்கு ஒரு வரலாறு இருந்தது. அது ஒரு கோழிக் கருவின் இதயத்தில் தொடங்கியது. அலெக்ஸி காரெல் பிரான்ஸின் லியோன் பகுதியில் பிறந்த அறுவை மருத்துவர். ரத்தக் குழாய்களைக் கசிவில்லாமல் தைத்து இணைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு ஜனவரி 17 அன்று நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், கோழிக் கருவின் இதயத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது வளர்ந்தது. வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்ற மாற்ற மேலும் வளர்ந்தது. கறுப்பு அங்கியும் கறுப்பு முகமூடியும் அணிந்த உதவியாளர்கள் ஏதோ பூசை நடப்பதுபோல் அந்தக் குடுவைகளைச் சுற்றி நடமாடினார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தச் செல்களுக்குப் பத்திரிகைகள் பிறந்தநாள் கொண்டாடின. காரெல் 1944இல் இறந்தார். செல்கள் அவருக்குப் பின்னும் இரண்டாண்டு வளர்க்கப்பட்டன. மொத்தம் 34 ஆண்டுகள். ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு இருந்து பாடினார் திருமூலர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய கணக்காகத் தோன்றாமல் போகலாம். எந்தக் கோழியும் அவ்வளவு காலம் வாழ்ந்ததில்லை என்பதுதான் அன்றைய அறிவியலாளர்களை அசத்தியது.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவும் தர்க்கத்துக்குப் பொருந்தியது. செல் சாகாது, சாவது உடல். மூப்பு என்பது செல்கள் கூடி வாழ்வதில் விளையும் கோளாறு, தனியாக எடுத்து நல்ல சோறு போட்டால் ஒவ்வொன்றும் சிரஞ்சீவி. ஒரு சிக்கல்தான்: காரெலின் சோதனையை வேறு யாராலும் அப்படியே திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. தோற்றவர்கள் தங்கள் கைப்பக்குவம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நடந்தது என்ன என்பதற்குப் பின்னால் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது. குடுவைக்கு ஊட்டமாக ஊற்றியது கோழிக் கருவைப் பிழிந்தெடுத்த சாறு. அதில் புதிய உயிருள்ள செல்களும் கலந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன. பழையவை செத்தன, புதியவை வந்தன, பிறந்தநாள் கொண்டாட்டம் மட்டும் தொடர்ந்தது. தெரியாமல் நடந்ததா, தெரிந்தேதானா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

காரெலைப் பற்றி இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 1935இல் அவர் எழுதி உலகெங்கும் விற்ற ‘மனிதன், அறியப்படாதவன்’ நூலில், கடும் குற்றவாளிகளைத் தகுந்த வாயுவைக் கொண்டு சிக்கனமாக முடித்துவிடலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார். சாகாத செல்லின் மேல் இருந்த பக்தியும், வாழத் தகுதியில்லாதவர்கள் என்று சிலரை ஒதுக்கிய மனமும் ஒரே மனிதரிடம் குடியிருந்தன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. உயிரை நீட்டிப்பது பற்றிய பேச்சில், யாருடைய உயிரை என்ற கேள்வி எப்போதும் கூடவே வருகிறது.

ஹேஃப்ளிக் மூப்பைத் தேடிப் போனவர் அல்லர். புற்றுநோய்க்கு வைரஸ் காரணமா என்று பார்க்க அவருக்குச் சுத்தமான, நோயில்லாத மனிதச் செல்கள் தேவைப்பட்டன. கருத் திசுவிலிருந்து எடுத்து வளர்த்தார். புட்டியின் அடிப்பரப்பு முழுவதும் செல்கள் நிறைந்ததும் பாதியை வேறு புட்டிக்கு மாற்றுவார், அதுவும் நிறையும், மறுபடி பாதி. மாதக்கணக்கில் இப்படியே. ஏறக்குறைய ஐம்பது இரட்டிப்புகள் கடந்ததும் செல்கள் தயங்கின. பிறகு பிளவதை நிறுத்திக்கொண்டன. பழைய நம்பிக்கையின்படி இதற்குக் காரணம் ஊட்டக் கரைசலில் குறை, அல்லது புட்டி கழுவியதில் குறை, அல்லது கண்ணுக்குத் தெரியாத வைரஸ். அப்படியானால் அதே கரைசலில், அதே நாளில், பக்கத்துப் புட்டியில் இருந்த இளைய செல்கள் ஏன் நிற்கவில்லை?

இந்தக் கேள்விக்கு அவரும் மூர்ஹெட்டும் வைத்த சோதனையை அறிவியல் வரலாற்றின் அழகான சோதனைகளில் ஒன்றாக வைப்பேன். அதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நாற்பது முறை இரட்டித்துவிட்ட ஆண் கருவின் செல்களையும் பத்து முறை மட்டுமே இரட்டித்த பெண் கருவின் செல்களையும் சரிசமமாக ஒரே புட்டியில் கலந்து வளர்த்தார்கள். ஆணையும் பெண்ணையும் குரோமோசோமைப் பார்த்துப் பிரித்தறியலாம்; மூர்ஹெட்டுக்கு அது கைவந்த கலை. தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் ஓய்ந்த வேளையில் கலந்த புட்டியைப் பரிசோதித்தபோது அதில் இருந்தவை எல்லாம் பெண் செல்கள். ஒரே கரைசல், ஒரே சூடு, ஒரே கை. கிழடு நின்றுவிட்டது, இளசு ஓடுகிறது. குறை வெளியில் இல்லை. செல்லுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

உறையவைத்துப் பார்த்தார்கள். இருபது இரட்டிப்புக்குப் பின் திரவ நைட்ரஜனில் போட்டு, காலம் கழித்து எடுத்து வெதுவெதுப்பாக்கினால் செல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மிச்சம் முப்பதை முடித்துவிட்டு நின்றது. நாள்காட்டி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நம்பாத ஆய்வாளர்களுக்குச் செழித்து வளரும் புட்டிகளைக் கொடுத்து, இன்ன காலத்தில் இவை ஓய்ந்துவிடும் என்றும் சொல்லிவைத்தார் ஹேஃப்ளிக். சொன்னபடியே ஓய்ந்தன. ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் செல் பிளவுக்கு ஓர் எல்லை இருக்கக்கூடும் என்று 1880களிலேயே ஊகித்திருந்தார். காரெலின் புகழில் அந்த ஊகம் புதைந்து போயிருந்தது. 1974இல் ஆஸ்திரேலிய நோயெதிர்ப்பியலாளர் மக்ஃபார்லேன் பர்னெட் இந்த எண்ணிக்கைக்கு ‘ஹேஃப்ளிக் எல்லை’ என்று பெயர் வைத்தார்.

எண்ணுவது எது? விடையின் முதல் கீற்று மாஸ்கோவில் தெரிந்தது. 1966இல் ஹேஃப்ளிக்கின் முடிவைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு அலெக்ஸி ஓலோவ்னிகோவ் என்ற இளைஞர் மெட்ரோ நிலையத்துக்கு வந்தார். ரயில் உள்ளே வரும்போது அவருக்குத் தோன்றியது: டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் நொதி தண்டவாளத்தின் மேல் ஓடும் ரயிலைப் போன்றது. புறப்படும் இடத்தில் தன் அடியிலேயே மறைந்திருக்கும் துண்டுத் தண்டவாளத்தை அதால் படியெடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு பிளவிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் குறையும். 1971இல் ரஷ்ய மொழியில் எழுதினார். 1973இல் ஆங்கிலத்தில் வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நுனியில் என்ன இருக்கிறது என்பதைக் குளத்துத் தண்ணீரில் வாழும் ஒரு செல் உயிரியான டெட்ராஹைமீனா காட்டிக்கொடுத்தது. டாஸ்மேனியாவில் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன் யேல் பல்கலைக்கழகத்தில் அதன் குரோமோசோம் நுனிகளைப் படித்தபோது ஒரே ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. அர்த்தம் ஏதும் சொல்லாத, எந்தப் புரதத்துக்கும் குறிப்பாக இல்லாத தொடர். தேய்வதற்கென்றே வைத்ததுபோல. அதுதான் டெலோமியர். தேய்ந்ததை மறுபடி நீட்டும் டெலோமெரேஸ் என்ற நொதியின் தடயத்தை அவருடைய மாணவி கரோல் கிரைடர் 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்த்தார். இவர்கள் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் மருத்துவ நோபல். அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் மேடையில் வேதியியலுக்கான பரிசை ரைபோசோம் ஆய்வுக்காகப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். நாம் ஏன் இறக்கிறோம் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 2024இல் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். மூப்பை வெல்கிறோம் என்று கடைவிரிப்பவர்களை அதில் நிதானமாக உரசிப் பார்க்கிறார். தமிழில் வரவேண்டிய நூல்.

1998இல் சாதாரண மனிதச் செல்லுக்குள் டெலோமெரேஸ் மரபணுவைச் செலுத்தியபோது அது ஹேஃப்ளிக் எல்லையைத் தாண்டி ஓடியது. கடிகாரம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, சாவி கொடுப்பதுதான் பாக்கி என்று ஆரவாரம் எழுந்தது. டெலோமியர் நீளத்தை அளந்து ‘உங்கள் உண்மையான வயது’ என்று சொல்லும் வியாபாரமும் வந்தது. எலி ஒன்று போதும் இந்த ஆரவாரத்தை அடக்க. ஆய்வுக்கூட எலியின் டெலோமியர் நம்முடையதைப்போலப் பல மடங்கு நீளம்; ஆயுளோ இரண்டு, மூன்று ஆண்டு. அது சாகும்போது நுனியில் இன்னும் ஏராளம் மிச்சம் இருக்கும். நம் மூளையின் நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் பெரும்பாலும் பிளவதே இல்லை. அவற்றுக்கும் வயதாகத்தான் செய்கிறது. ஆக இந்த எண்ணிக்கை நம் மரணத்துக்கான கடிகாரம் அன்று. பின் எதற்கு?

இங்கேதான் எனக்கு இந்தத் துறை சுவாரசியமாகிறது. பதில் இரண்டு பெண்களின் செல்களில் இருக்கிறது. இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாமவர் ஹென்ரியட்டா லாக்ஸ். புகையிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பத்தின் கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த துணுக்கு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்தச் செல்கள் நாளுக்கொரு முறை இரட்டித்தன, இன்றுவரை நிற்கவில்லை. ஹீலா என்று உலகெங்கும் புழங்கும் செல்கள் அவைதான். சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவியதிலிருந்து அவை செய்த வேலைக்கு அளவில்லை. குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தச் செல்கள் சாகாமல் இருப்பதன் ரகசியம் இன்று தெரியும்: ஒருவகை பாப்பிலோமா வைரஸ் உள்ளே புகுந்து, பழுதான செல்லை நிறுத்திவைக்கும் பி53 என்ற காவல் புரதத்தைச் செயலிழக்கச் செய்தது, டெலோமெரேஸ் விழித்துக்கொண்டது. காரெல் கனவு கண்ட சாகாத செல் கடைசியில் வந்தது. வந்த இடம் ஒரு பெண்ணின் அடிவயிறு. அவர் அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று, 31 வயதில் இறந்துபோனார்.

இரண்டாமவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சுவீடனைச் சேர்ந்த அவர் ஏற்கெனவே குழந்தைகள் இருந்ததால் 1962இல் சட்டப்படி கருவைக் கலைத்துக்கொண்டார். அந்தக் கருவின் நுரையீரல் அவருடைய சம்மதம் இல்லாமலே பனிக்கட்டியில் வைத்து ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்டது. ஹேஃப்ளிக் அதிலிருந்து வளர்த்து நூற்றுக்கணக்கான குப்பிகளில் உறையவைத்தது டபிள்யூஐ-38 என்ற செல் வகை. இவை சாகும் செல்கள். ஐம்பதை நெருங்கினால் நின்றுவிடும். அந்தச் சாகும் குணம்தான் அவற்றைத் தடுப்பூசிக்குத் தகுதியாக்கியது: புற்றுத் தன்மை ஏறாத, இயல்பான மனிதச் செல், அதில் வளர்த்த வைரஸை நம்பிக் குழந்தைக்குப் போடலாம். 1964-65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லா அம்மையால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் கண்பார்வைக் குறையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறந்தார்கள். அதன் பிறகு விஸ்டாரில் ஸ்டான்லி பிளாட்கின் டபிள்யூஐ-38 செல்களில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்த ருபெல்லா வைரஸ் வகைதான் இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் போடப்படுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகளைக் கண்டு பெற்றோர் தயங்கினார்களே, அந்த ஊசியில் இருந்ததும் அதே வகைதான்.

நிற்காத செல் தனக்கு உயிர் கொடுத்தவரைக் கொன்றது. நிற்கத் தெரிந்த செல், முகமறியாத கோடிக் குழந்தைகளைக் காக்கிறது. நம் உடம்புக்குள்ளும் கதை இதேதான். பிளவு ஒவ்வொன்றும் பிரதியெடுப்பு, பிரதி ஒவ்வொன்றிலும் பிழை. ஐம்பது பிளவு கண்ட செல் ஓடிக்கொண்டே இருப்பதைவிட நிறுத்திக்கொள்வது உடம்புக்கு நல்லது. புற்றுக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதளவில் டெலோமெரேஸ் விழித்திருக்கிறது என்பது எல்லையைத் தாண்டிய செல் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லிவிடுகிறது. 2002இல் ஓர் ஆய்வுக்குழு எதிர்பாராமல் கண்ட எலிகள் இன்னும் துலக்கமான சாட்சி. அவற்றின் உடலில் பி53 காவல் வழக்கத்தைவிடக் கெடுபிடியாக இருந்தது. புற்றுநோய் அவற்றை அதிகம் அண்டவில்லை. ஆனால் முதுகு வளைந்து, எலும்பு மெலிந்து, காயம் ஆற நாளாகி, சீக்கிரமே கிழடுதட்டிச் செத்தன. பிரேக்கை அழுத்தினால் முதுமை, விட்டால் புற்று. யானையிடம் இந்தக் காவல் மரபணுவின் பிரதிகள் இருபது ஜோடி இருக்கின்றன, நமக்கு இருப்பது ஒரே ஜோடி. பழுதான யானைச் செல் சரிசெய்து பார்க்கக்கூட நேரம் எடுக்காமல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. அத்தனை பெரிய உடம்பு புற்றில்லாமல் அறுபது, எழுபது ஆண்டு நடமாடுவதற்கு அது ஒரு காரணம்.

இளமையில் நன்மை செய்யும் மரபணு முதுமையில் தீங்கு செய்தாலும் இயற்கைத் தேர்வு அதைக் களைந்துவிடாது என்று பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் எழுதினார். பிள்ளை பெற்று வளர்க்கிற வயதுவரை நம்மைக் காப்பாற்றுவதுதான் இயற்கைத் தேர்வின் அக்கறை. பேரனுடைய திருமணத்துக்கு நாம் இருப்போமா என்பது அல்ல. இது குரூரமாகத் தோன்றுகிறவர்களுக்கு: குரூரத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும், இங்கே அது கிடையாது.

நின்ற செல் செத்துப்போவதில்லை என்பது இன்னொரு திருப்பம். அது உட்கார்ந்திருக்கிறது, உண்கிறது, சுற்றியுள்ள திசுவுக்குள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. இந்தச் சுரப்பை விரிவாக விளக்கியவர் ஜூடித் கம்பிசி. இளம் உடம்பில் இது கூப்பாடு போட்டு உதவி கேட்பது போன்றது. காயம் ஆறுவதற்குக்கூட இந்தச் சுரப்பு வேண்டும். கரு உருவாகும்போதும் இத்தகைய செல்கள் வந்து தம் வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் வந்து அப்புறப்படுத்திவிடுவதால் தொல்லை இல்லை. வயதானால் அப்புறப்படுத்துவதும் தளர்கிறது, அவை குவிகின்றன. மூட்டில், ரத்தக் குழாயில், நுரையீரலில் கூப்பாடு ஓயாமல் தொடர்கிறது. 2011லும் 2016லும் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் எலிகளில் இவற்றைத் தேடி அழிக்க ஒரு மரபணு உபாயம் செய்தார்கள். இயல்பாக மூப்படைந்த எலிகளின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ கால் பங்கு கூடியது. உடனே மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான குவெர்செட்டின் வெங்காயத்தில் இருக்கிற பொருள் என்பதால் சாம்பார் வெங்காயத்தின் பெருமை பேசும் காணொளிகளுக்குக் குறைவில்லை. சோதனையில் கொடுக்கும் அளவுக்குச் சாம்பாரில் குடிக்க அண்டா வேண்டும், கூடவே கொடுப்பது ஒரு ரத்தப் புற்று மருந்து என்பதையும் யாரும் சொல்வதில்லை. முழங்கால் தேய்மானத்துக்காக ஓர் அமெரிக்க நிறுவனம் மனிதர்களிடம் சோதித்த இவ்வகை மருந்து 2020இல் வெற்று ஊசியைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே எத்தனையோ நல்ல கருத்துகள் இப்படி மடிந்திருக்கின்றன.

மூப்பு வரும் மற்ற வழிகளை ஓட்டமாகச் சொல்லிவிடலாம்: மைட்டோகாண்ட்ரியாவின் தளர்ச்சி, செல்லுக்குள் சேரும் புரதக் குப்பை, ஊட்டத்தை உணரும் பாதைகளின் பிசகு, குருத்தணுக்களின் வறட்சி. 2013இல் கார்லோஸ் லோபெஸ்-ஓட்டின் குழு மூப்பின் அடையாளங்கள் ஒன்பது என்று பட்டியலிட்டது. 2023இல் அதே குழு பன்னிரண்டாக்கியது. பட்டியல் நீள்வதைக் கண்டு அறிவு வளர்கிறது என்று மகிழலாம். ஒரு மாத்திரையில் தீர்கிற விஷயம் இல்லை என்றும் புரிந்துகொள்ளலாம்.

எனக்கு இவற்றையெல்லாம்விட மனத்தில் நிற்பது 2004இல் உளவியலாளர் எலிஸா எபெலும் பிளாக்பர்னும் சேர்ந்து வெளியிட்ட சிறிய ஆய்வு. 58 தாய்மார்கள். பலர் நெடுநாள் நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். எத்தனை ஆண்டு பராமரித்தார்களோ அதற்கேற்ப டெலோமியர் குறுகியிருந்தது. மனச்சுமை மிக அதிகம் என்று சொன்னவர்களுக்கும் மிகக் குறைவு என்று சொன்னவர்களுக்கும் இடையே பத்து வயதுக்குக் குறையாத வித்தியாசம். 58 பேரை வைத்து உலகுக்குத் தீர்ப்பெழுத முடியாது. டெலோமியரை வயதாகப் படிப்பதன் தொல்லையை மேலே சொன்னேன். ஆனாலும் நம் வீடுகளில் படுத்த மாமியாருக்கும் கைகால் முடங்கிய பிள்ளைக்கும் இரவு பகலாகப் பணிவிடை செய்வது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீடித்த ஆயுள் பற்றிய மாநாடுகளில் கோடீஸ்வர ஆண்கள் தங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்ளும்போது இந்தத் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவரின் நீண்ட முதுமையை இன்னொருவரின் உடம்பு சுமக்கிறது.

ஹேஃப்ளிக்கே மூப்பைத் தடுக்கும் வியாபாரத்தைக் கடைசிவரை எதிர்த்தார். அப்படி எந்த மருந்தும் இல்லை என்று 2002இல் ஜே ஓல்ஷான்ஸ்கி, புரூஸ் கார்ன்ஸ் ஆகியோரோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். 51 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டார்கள். டபிள்யூஐ-38 யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்போடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்; மிச்சமிருந்த குப்பிகளைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்திருந்த பிடிவாதக்காரர். 2024 ஆகஸ்டில் 96 வயதில் இறந்தார்.

இந்தியாவில் நாடு விடுதலையடைந்த காலத்தில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. இன்று 70. டெலோமியரைத் தொடாமல், குழந்தைச் சாவையும் பிரசவச் சாவையும் அம்மையையும் காலராவையும் குறைத்துப் பெற்றது இது. இனி மேலே ஏறுவது கடினம். புற்றுநோயை அடியோடு ஒழித்துவிட்டாலும் அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் மூன்றாண்டு அளவில்தான் கூடும் என்று ஓல்ஷான்ஸ்கி குழு 1990இல் கணக்கிட்டது. புற்றிலிருந்து தப்பியவரை இதயமோ மூளையோ சிறுநீரகமோ பிடித்துக்கொள்ளும். ஆகவே எத்தனை ஆண்டு என்பதைவிட அந்த ஆண்டுகளில் எத்தனையைச் சொந்தக் காலில் நடந்து கழிக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

தமிழ்நாட்டில் இது நாளைய கேள்வி அன்று. 2021 கணிப்பின்படி நம் மக்களில் 60 வயது கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். இந்தியாவில் முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவு முதலில் தொடங்கியதும் இங்கேதான். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் முன்னின்று தொடங்கிய புறநோயாளிப் பிரிவு அது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. முதியோர் மருத்துவத்தின் கேள்விகளில் டெலோமியர் வராது. போன வருஷம் எத்தனை தடவை விழுந்தீர்கள், மொத்தம் எத்தனை மாத்திரை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றுதான் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு நல்ல ஆய்வே உண்டு. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியைக் கைவிட்டார்கள். பயிற்சி நின்ற நான்கே வாரத்தில் பலம் மூன்றில் ஒரு பங்களவு இறங்கிவிட்டது. ஆக இது ஒருமுறை போட்டு முடிக்கிற ஊசி அன்று, வாராவாரம் யாராவது வந்து செய்யவைக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களில் பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஒரு வட்டாரத்துக்கு அப்படி எத்தனை பேர், அவர்கள் மறுவாரம் எப்போது வருவார்கள் என்பதில்தான் என் அம்மா வயதுக்காரர்களின் ஆரோக்கிய ஆயுள் இருக்கிறது.